மூன்று முறை கூப்பிட்டாள்

அமைதி என்று அதற்குப் பெயர் சூட்டியிருந்தார்கள். படகுத்துறைப் பலகையில் அந்தச் சொல் இருந்தது. பயணச் சீட்டில் இருந்தது. விருந்தினர் முகம் துடைக்கும் துவாலையின் ஓரத்தில்கூட வெள்ளை நூலால் தைக்கப்பட்டிருந்தது. "ஆவுளித்தீவு: அமைதியின் அடியில் ஆயிரம் நிறங்கள்."

பொற்கொடி அந்த வாசகத்தைப் படித்துவிட்டு, வலிக்கும் முழங்காலை இரு கைகளாலும் தாங்கிப் பிடித்துப் படகில் ஏறினார். கடல்மீட்பு வாரியத்தின் மேலாய்வு அலுவலர் அவர். ஓய்வுபெற இன்னும் இரண்டு திங்களே இருந்தன. வரிக்கு வரி கோப்புகளைப் படித்தது அவர் வாழ்வில் ஒரு காலம். படிக்காமலே ஒப்பமிட்டது பிறிதொரு காலம். ஒப்பமிட்ட பின் அவற்றை நினையாதிருக்கப் பழகிக்கொண்டது மூன்றாம் காலம். பைக்குள் கிடந்த பத்திரமும் அப்படிப்பட்டதே. ஆவுளித்தீவின் ஒலிவிழுங்கித் தூண்களுக்கு மேலும் பத்தாண்டு அனுமதி. ஒரு பகல் சுற்றிப் பார்க்க வேண்டும், தூண்களை ஐந்து நிமிடம் நிறுத்திச் சோதிக்க வேண்டும், ஓர் ஒப்பம் இட வேண்டும்.

படகோட்டி சந்தியாகு கரையை விட்டது முதல் வாய் மூடவில்லை.

"பேச வேண்டியதெல்லாம் இப்பவே பேசிருங்கம்மா. அந்தா, மஞ்ச மிதவை தெரியுதா? அதுவரைக்கும்தான் நான் மனுசன். அதத் தாண்டிட்டா மீனு."

"தூண்கள் எப்படி இயங்குகின்றன என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா?"

"சொன்னாக, சொன்னாக. தீவச் சுத்தி இருபத்திரெண்டு தூணு. நாம வாயத் தொறந்ததும் அது அதே சத்தத்தத் தலைகீழாப் போடுமாம். ரெண்டும் மோதி ரெண்டுமே செத்துப்போகும். அலைச் சத்தம் தப்பிச்சுக்கும், காக்காச் சத்தம் தப்பிச்சுக்கும். மனுசத் தொண்ட மட்டும் மாட்டிக்கும்." சிரித்தார். "எனக்கும் வீட்டுக்காரிக்கும் சண்டைன்னா படகெடுத்துட்டு இங்க வந்துதான் போடணும். வந்து சேர்றதுக்குள்ள பாதிக் கோவம் ஆறிப்போகுது. ஒருநா, எதுக்கு வந்தோம்னே ரெண்டு பேருக்கும் ஞாபகமில்ல. வந்ததுக்கு மகளோட கலியாணத்தப் பேசி முடிச்சிட்டுத் திரும்பிட்டோம்."

"பவளப்பாறை பிழைத்ததே, அதைச் சொல்லுங்கள்."

"பொழச்சுது. இல்லேன்னு சொன்னா நாக்கு அழுகிரும். செத்து வெளுத்துக் கெடந்த பாறை, இன்னைக்குப் பூத்துக் கெடக்கு. ஆனா அது பொழச்சது இஞ்சின் சத்தத்த முழுங்குன அன்னைக்கும்மா. பதிமூணு வருசமாச்சு. எங்க சத்தத்த முழுங்குனது அதுக்கு மூணு வருசம் கழிச்சு. பாசி எடுக்கிற பொம்பளைக முங்கி எந்திரிச்சுக் கூவுற சத்தம் காதக் கிழிக்குதுன்னு விருந்தாளி யாரோ எழுதிப் போட்டாகளாம். எந்த மகராசனோ அதுக்கும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டான்."

பொற்கொடி கடலைப் பார்த்தார். அந்த மகராசன் யார் என்பது அவருக்குத் தெரியும். பத்தாண்டுகளுக்கு முன், தடித்த ஒரு கோப்பின் நாற்பத்தோராம் பக்கத்தில், "மனிதக் குரலையும் உள்ளடக்கலாம்" என்ற வரியின் கீழ், கரையில் நிற்கும் படகைப் போலச் சற்றுச் சாய்ந்த ஓர் ஒப்பம். அவருடையது.

"அது யாரென்று..." என்று தொடங்கினார். மஞ்சள் மிதவை படகை உரசி நகர்ந்தது. எஞ்சிய சொற்கள் அவர் மண்டைக்குள் மட்டும் அதிர்ந்து அடங்கின. எதிரே சந்தியாகுவின் உதடுகள் ஏதோ வேடிக்கை சொல்லி அசைந்துகொண்டே இருந்தன. அலையின் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

*

தீவு அழகாக இருந்தது. அதை மறைப்பது நேர்மை ஆகாது.

மேற்குக் கரையில் முப்பது விருந்தினர் முகத்தை நீருக்குள்ளும் முதுகை வெயிலுக்குள்ளும் வைத்து மிதந்தனர். மூச்சுக் குழாய்கள் மட்டும் நீருக்கு மேலே நாணல்கள்போல் நின்றன. பொற்கொடியும் கண்ணாடி அணிந்து இடுப்பளவு நீரில் குனிந்து பார்த்தார். மான்கொம்புகளாய்ப் பவளம் கிளைத்திருந்தது. அதன் இடுக்குகளில் மஞ்சளும் நீலமுமாய் மீன்கள் புகுந்து புறப்பட்டன. நாற்பதாண்டுகளுக்கு முன் இதே இடத்தில், சுடுகாட்டு எலும்புகளைப் போல் வெளுத்துக் கிடந்த பாறைகளை அவர் பார்த்திருக்கிறார். அன்று அழுதிருக்கிறார். இந்தப் பாறைகளுக்காகத்தானே மேடையேறி முழங்கினார், இந்தப் பாறைகளுக்காகத்தானே வாரியத்தில் வேலைக்கே சேர்ந்தார்? மகிழ்ச்சி வரும் என்று நீருக்குள் குனிந்தே நின்றார். முழங்கால் வலிதான் வந்தது.

கரையில் விடுதி மேலாளர் தேவபாலன் ஒரு பலகைக்கணினியை நீட்டினார். பேச்சுக்கு அங்கே அதுதான் வழி.

"வருகைக்கு நன்றி. ஒப்பம் நாளை காலையில்தானே?"

பொற்கொடி தலையசைத்தார். கரையோரம் ஊர்க்காரர்கள் நடந்து போனார்கள். ஒருவரையொருவர் கடக்கையில் தோளைத் தொட்டார்கள், கை விரலை மடக்கினார்கள், நீட்டினார்கள். ஒரு தாய் தன் குழந்தையைப் பின்னாலிருந்து அழைக்கச் சிறு கிளிஞ்சலை அதன் முதுகில் எறிந்தாள். குழந்தை திரும்பிச் சிரித்தது. விருந்தினர் ஒருவர் அக்காட்சியைப் படம் பிடித்துக்கொண்டார்.

*

மாலையில் சந்தியாகு சைகை காட்டி அழைத்தார். எட்டுப் படகுகள் மிதவைக்கு அப்பால் ஒன்றோடொன்று கட்டப்பட்டு ஆடிக்கொண்டிருந்தன. மிதவையைத் தாண்டிய கணத்தில் காது அதிர்ந்தது. ஒரு சந்தையே கடல்மேல் கூடியிருந்தது.

"ஏட்டி, என் அரிவாமனையை வாங்கிட்டுப் போயி எத்தன மாசம்டி?"

"உன் அரிவாமனை அரியாது, பிசையும். எடுத்துட்டுப் போ!"

ஒருவர் செபம் சொன்னார். ஒருவர் மருமகனைத் திட்டினார். இரண்டு பெண்கள் ஒன்றும் பேசாமல், பேசலாம் என்பதற்காகவே சும்மா சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சந்தியாகுவின் படகில், ஓரமாய், ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர் அமர்ந்திருந்தார். உப்பு அரித்துத் துணி சுற்றிய விரல்கள். நெற்றியில் முக்குளிக்கும் கண்ணாடி பதிந்த வட்டத் தழும்பு.

"மிக்கேலம்மாள்," என்றார் சந்தியாகு. "பாசி எடுக்குறவுக. இப்ப எடுக்கல. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்."

"கேக்க ஒண்ணும் பெருசா இல்லம்மா," என்றார் மிக்கேலம்மாள். குரல் கரகரத்தது. "நாளைக்கு நீங்க அந்தத் தூணுகள அஞ்சு நிமிசம் நிப்பாட்டிப் பாப்பீங்கன்னாக. அத எங்க கெழக்குப் பக்கத்துல வச்சு நிப்பாட்டுவீங்களா?"

"எதற்காக அம்மா?"

"என் இணைக்காரிய மூணு தடவ கூப்பிடணும்."

பொற்கொடியினுடையது கோரிக்கைகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்த செவிதான். ஆனால் அந்தக் கோரிக்கை அதற்குப் புதிது.

"நாங்க ரெண்டு ரெண்டு பேராத்தான் முங்குவோம். ஒருத்தி மேல வந்ததும் மத்தவ பேரச் சொல்லிக் கூவணும். அவ பதிலுக்குக் கூவணும். பதில் வரலேன்னா கையில இருக்கிற பாசிய விட்டுட்டு அவளத் தேடிப் போயிறணும். அதான் எங்க சட்டம். தூணு வந்தப்பறம் கூவி என்ன செய்ய? வாயத் தொறப்போம், மூடுவோம். மூச்ச எதுக்கு வீணாக்கணும்னு சத்தத்த விட்டுட்டோம். ஒருத்தி முகத்த ஒருத்தி பாத்துக்கிறதுதான்."

"பார்க்கவில்லையென்றால்?"

மிக்கேலம்மாள் தன் விரல் துணியை அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

"சிந்தாத்திரைன்னு பேரு. இருபத்தாறு வருசம் எங்கூட முங்குனவ. அன்னைக்கு அலை எடுத்தடிச்சுது, பாறைக்கு அந்தப் பக்கம் போயிட்டா. கிழிஞ்ச வலை ஒண்ணு அடியில கெடந்திருக்கு. கால்ல சுத்திக்கிச்சு. ஆளு தலையத் தூக்கித் தூக்கித் தவிச்சிருக்கா. நான் அம்பது பாகம் தூரம் தள்ளி நின்னேன், எனக்குத் தெரியல. இன்னையோட இருநூத்தி முப்பது நாளு." துணியின் முனையை முடிச்சிட்டார். "காதுப்பேச்சு மட்டும் கேட்டுச்சு."

"காதுப்பேச்சு?"

சந்தியாகு குறுக்கிட்டார். "அது எல்லாருக்கும் வர்றதுதாம்மா. பத்து வருசம் சத்தமில்லாமக் கெடந்தா, காது தானாப் பேசிக்கும். செத்துப்போன எங்கப்பா என்னைய வைவாரு. வாரியத்து டாக்டரு வந்து துண்டறிக்கை குடுத்துட்டுப் போனாரு: 'தீவுக்குள் குரல் கேட்டால் அது பிரமை. தலையை இருமுறை ஆட்டுங்கள். பணியைத் தொடருங்கள்.' வீட்டுக்கு வீடு ஒட்டியிருக்கு."

"எனக்கு அன்னைக்கு அவ குரல்லயே கேட்டுச்சு," என்றார் மிக்கேலம்மாள். "'ஏட்டி மிக்கேலு'ன்னு. மூணு தடவ கூப்பிட்டா. நான் தலைய ஆட்டிட்டு முங்கிட்டேன். விசாரணையில சொன்னேன். டாக்டரு அதையும் பிரமைன்னு எழுதிட்டாரு. பிரமைதான்! இல்லேன்னா எப்பிடிம்மா கேக்கும்?"

அந்த 'எப்படி'யில் ஒரு மன்றாடல் இருந்தது. பொற்கொடிக்கு அது அப்போது புரியவில்லை.

"இணைக்காரி செத்தா, அவ முங்குன எடத்துல போயி உயிரோட இருக்கிறவ மூணு தடவ பேரச் சொல்லிக் கூவணும். அப்பத்தான் அவளுக்கும் விடுதலை, எனக்கும் விடுதலை. மிதவைக்கு வெளிய நின்னு கூவுனா செல்லாது. அது செய்யாம ஒருத்தியும் எங்கூட இணை சேர மாட்டா. தப்பு சொல்ல முடியாது, நானா இருந்தாலும் சேர மாட்டேன். அஞ்சு நிமிசம் வேணாம்மா. மூணு கூவல். அம்புட்டுத்தான்."

நாட்டின் எத்தனையோ துறைகளில், எத்தனையோ பேர் பொற்கொடியிடம் கேட்டிருக்கிறார்கள். வீடு கேட்டவர் உண்டு, நிலம் கேட்டவர் உண்டு, நீதி கேட்டவரும் உண்டு. தம்முடைய தொண்டையைத் தாமே மூன்று முறை பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்டவர் இவர் ஒருவரே. அந்த அனுமதியை வழங்கும் நாற்காலியில் தாம் அமர்ந்திருக்கிறோமே என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"காலை ஒன்பது மணிக்கு," என்றார். "வாருங்கள்."

*

தேவபாலன் பலகைக்கணினியில் விரைந்து எழுதினார்: "கிழக்கே சோதனை தேவையில்லை. விருந்தினர் மேற்கில்தான் இருக்கிறார்கள். மேற்கே சோதியுங்கள்."

பொற்கொடி கீழே எழுதினார்: "கிழக்கே."

"படகு ஏற்பாடு இல்லை."

"இருக்கிறது."

வாதாடப் பொற்கொடியிடம் வலுவில்லை. ஆனால் வாதாடாமல் நடப்பதற்கு எதிராளியின் இசைவு தேவையில்லை என்பதை முப்பத்தேழு ஆண்டு அலுவல் அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தது.

மேற்குப் பக்கம் மட்டுமே ஓடும் சந்தியாகுவின் படகு அன்று முதன்முறையாகத் தீவைச் சுற்றிக் கிழக்கே வந்தது. நீர் கலங்கலாக இருந்தது. ஐம்பது பாகம் தள்ளி இரண்டு பெண்கள் கால்களில் துடுப்புபோல் அலுமினியத் தட்டு கட்டி, பாசிப் பையை இடுப்பில் செருகி முங்கி எழுந்துகொண்டிருந்தார்கள். மிக்கேலம்மாள் விரலை நீட்டி இடம் காட்டினார். அலை மோதி வெண்மையாய் உடையும் ஒரு கரும்பாறையின் மறுபக்கம். சந்தியாகு தலையசைத்து, நங்கூரக் கல்லைத் தூக்கினார். ஈரக் கயிறு வழுக்கியது. கல் அவர் கால் விரலில் விழுந்தது.

"ஐயோ, எங்கம்மா!"

மூவரும் அசையாமல் நின்றார்கள்.

அலை ஒருமுறை பாறையில் ஏறி இறங்கியது. சந்தியாகு காலைப் பிடித்தபடியே நிமிர்ந்தார். வலி மறந்த முகம்.

"கேட்டுச்சே," என்றார், மெதுவாக. அதுவும் கேட்டது. "அம்மா, தூண நிப்பாட்டுற சாவியத் திருப்பிட்டீகளா?"

சாவி பொருந்திய சோதனைக் கருவி பொற்கொடியின் பைக்குள் இருந்தது. பையின் வாய் கட்டப்பட்டிருந்தது. மிக்கேலம்மாளின் பார்வை அந்தக் கட்டின்மேல் நின்றது.

'ஆம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். திருப்பிவிட்டேன், ஐந்து நிமிடம் தொடங்கிவிட்டது, கூப்பிடுங்கள் என்று சொன்னால் போதும். இந்த அம்மை மூன்று முறை கூவிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரை சேர்வார். நாளை ஒருத்தி அவரோடு இணை சேர்வாள். பத்திரத்தில் ஒப்பம் ஏறும். யாருக்கும் எதுவும் நேராது. இரக்கமும் சோம்பலும் ஒரே முகத்தோடு வந்து நின்று, ஒரே சொல்லைக் கேட்டன.

பொற்கொடி பையை அவிழ்த்துக் கருவியை எடுத்தார். இருபத்திரண்டு தூண்களுக்கும் இருபத்திரண்டு சிறு விளக்குகள். இருபத்தொன்று பச்சை. கிழக்குத் தூணுக்கு விளக்கே இல்லை. அதன் எதிரே இரண்டு வரிகள். "செயலிழந்து 240 நாள். விருந்தினர் புகார் இல்லாமையால் பழுதுபார்ப்பு ஒத்திவைக்கப்பட்டது."

"எத்தன நாளாம்மா?" என்றார் மிக்கேலம்மாள்.

"அம்மா, அது..."

"எனக்கு எழுத்து தெரியாது. மெய்யச் சொல்லுங்க."

"இருநூற்று நாற்பது."

மிக்கேலம்மாள் விரல்களை எண்ணவில்லை. அந்தக் கணக்கை அவர் நாள்தோறும் எண்ணிக்கொண்டிருப்பவர். சிந்தாத்திரை இறந்த இருநூற்று முப்பத்தொன்றாம் நாள் அது; தூண் அவளுக்கு ஒன்பது நாள் முன்பே நின்றுபோயிருந்தது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

கரும்பாறையின் பக்கம் திரும்பினார்.

"அப்ப அவ கூப்பிட்டிருக்கா," என்றார். "வாயில தண்ணி போகப் போகக் கூப்பிட்டிருக்கா. மூச்சிருக்கிற வரைக்கும் எம்பேரச் சொல்லியிருக்கா. நான் அந்தத் துண்டறிக்கையில இருக்கிற மாதிரி ரெண்டு தடவ தலைய ஆட்டிட்டு, பாசியப் பிடுங்கிக்கிட்டு இருந்திருக்கேன்."

"உங்கள் தவறில்லை அம்மா."

"தெரியும்." அந்தச் சொல்லில் கோபம் இருந்தது. "யார் தப்புன்னு எனக்கும் தெரியும். ஆனா கேட்டது நெசம். இத எழுதுங்க. நான் கேட்டேன்னு எழுதுங்க. கேட்டும் போகலேன்னு எழுதுங்க."

"எழுதினால் உங்களைத்தான் முதலில் குறை சொல்வார்கள். உங்கள் வாக்குமூலத்தையே உங்களுக்கு எதிராகத் திருப்புவார்கள். எனக்கு அவர்களைத் தெரியும். நானும் அவர்களில் ஒருத்தி."

"திருப்பட்டும். பிரமைன்னு எழுதி வச்சிருக்காங்களே, அந்த எழுத்துல அவ செத்தது மட்டுமில்ல, கூப்பிட்டதே இல்லேன்னு ஆகுது. கூப்பிட்டவளக் கூப்பிடாதவ ஆக்கிட்டு நான் மட்டும் நல்லவளா இருந்து என்ன செய்ய?"

பொற்கொடி பைக்குள் துழாவினார். வேறு தாள் இல்லை. பத்தாண்டு அனுமதிப் பத்திரத்தை எடுத்து, முழங்காலின்மேல் கவிழ்த்து வைத்து, அதன் வெறும் முதுகில் எழுதத் தொடங்கினார். மிக்கேலம்மாள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். முடித்த பின் ஒரு வரியைத் தாமாகச் சேர்த்தார்: 'மனிதக் குரலை விழுங்க முதன்முதல் ஒப்பமளித்தவள் நான்.' கீழே பெயரெழுதினார். நெடுங்காலத்துக்குப் பின், படித்துப் பார்த்துவிட்டு ஒப்பமிட்டார்.

சந்தியாகு மண்டியிட்டு அமர்ந்து கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டு மாசமா," என்றார். "எட்டு மாசமா இந்தப் பக்கம் பேசியிருக்கலாம். ஒருத்தரும் வாயத் தொறந்து பாக்கலையே."

தூண் செத்துப் போயிருந்தது. அது நட்டுவைத்த ஊமைத்தனம் மட்டும் வேர்விட்டுக் கிளைவிட்டு வளர்ந்துகொண்டிருந்தது. கருவிக்காவது பழுது உண்டு. பழக்கத்துக்கு அதுவும் இல்லை.

மிக்கேலம்மாள் எழுந்து நின்றார். தலைமுக்காட்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கரும்பாறையைப் பார்த்து வாய் திறந்தார்.

"சிந்தாத்திரை!"

பத்தாண்டு கூவாமல் மூடிக் கிடந்த குரல், பாசி படிந்த குரல், ஆனாலும் குரல். பாறையில் மோதித் திரும்பி வந்தது. ஐம்பது பாகம் தள்ளி, நீரிலிருந்த இரண்டு பெண்களும் தலை தூக்கினார்கள்.

"சிந்தாத்திரை!"

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். ஒருமுறை. இருமுறை. காதில் புகுந்த நீரை உதறுவதுபோல.

மிக்கேலம்மாள் அதைப் பார்த்தார். தம்மையே அங்கே பார்த்தவர்போல் நின்றார். மூன்றாவது கூவலுக்கு இழுத்த மூச்சு நெஞ்சில் நின்றது.

இருவரில் இளையவளான ராக்கினி கண்ணாடியைக் கீழே இழுத்து மாட்டிக்கொண்டு முங்கினாள். மற்றவள் அவளைத் தொடர்ந்து முங்கினாள்.

அந்த மூச்சோடு மிக்கேலம்மாள் குதித்தார். தட்டும் இல்லை, கண்ணாடியும் இல்லை, உடுத்திய சேலையோடு நீரை வாரி வாரி நீந்தினார். சந்தியாகு எழுந்து நின்று, இவ்வளவு நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒன்றாகக் கூட்டி, "ஏ புள்ளைகளா! ஏ!" என்று கத்தினார். பொற்கொடியும் கத்தினார். மேடைகளில் முழங்கிய காலத்துக்குப் பின் அவர் உரக்கப் பேசியதில்லை. என்ன கத்துகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

பாசிப் பையோடு மேலே வந்த ராக்கினி, கண்ணெதிரே ஓர் ஈர முகத்தைக் கண்டு திடுக்கிட்டாள். மிக்கேலம்மாள் அவள் தலையை, ஆட்ட முடியாதபடி, இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, "ராக்கினி!" என்று அவள் பெயரைச் சொன்னார்.